அந்தக் காலத்து உடம்பும் இந்தக் காலத்து நித்திரையும்

"என்ன வருத்தம், தம்பி?" என்று கேட்டேன். பதில் பக்கத்துக் கதிரையில் இருந்த தகப்பனிடமிருந்து வந்தது.

"வருத்தம் ஒன்றும் இல்லை டொக்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் வலு இல்லை, அவ்வளவுதான். நான் இருபத்திரண்டு வயதில் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குக் கால்நடையாகவே வேலைக்குப் போய் வந்தவன். மழை, வெயில் பார்த்ததில்லை. இவன் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்கிறான்."

பையனுக்கு இருபத்தாறு வயது. மென்பொருள் நிறுவனமொன்றில் அமெரிக்க நேரத்துக்கு வேலை. கண்ணுக்குக் கீழே கருமை, வயிற்றருகே இழுபட்டு நிற்கும் சட்டைப் பொத்தான். தகப்பன் பேசும்போதெல்லாம் கைத்தொலைபேசியின் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் பொது மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபத்துநான்கு வருடங்கள் ஆகின்றன. இப்படியான வேளைக்கென்று ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். "ஐயா, வந்ததும் வந்தீர்கள், வெளியில் மிஸியிடம் உங்கள் பிரஷரையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். கதவு சாத்தியதும் பையன் பேசினான். நித்திரை காலை ஆறு மணிக்குத்தான் வருகிறது. சாப்பாடு இரவு இரண்டு மணிக்கு, அதுவும் பெட்டியில் வரும் கொத்து ரொட்டி. நான்கு மாதமாகப் படபடப்பு. வேலை ஒப்பந்த அடிப்படையில் என்பதால் அடுத்த வருடம் இருக்குமா தெரியாது. அண்ணன் கனடாவில். வீட்டில் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பதிலை நானும் சற்று முன்னர்தான் கேட்டிருந்தேன்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 138. இந்தப் பரிசோதனையில் 126ஐத் தாண்டினாலே நீரிழிவு என்று சந்தேகித்து, இன்னொரு பரிசோதனையில் உறுதிப்படுத்த வேண்டும். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் அதையே சொன்னது. தகப்பனின் பிரஷர்? 176க்கு 102. "எங்கள் காலத்தில் யார் பிரஷர் பார்த்தது?" என்று சிரித்தார். அதுதானே ஐயா பிரச்சினை!

(இவர்களை அடையாளம் காணக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். வருத்தங்களை மாற்றவில்லை.)

முந்திய தலைமுறைதான் நன்றாக வாழ்ந்ததா என்ற வழக்கு என் மேசைக்கு வாரத்தில் மூன்று தடவையாவது வருகிறது. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பொதுவாக எடுத்தால், இல்லை. 1934-35 மலேரியாவில் இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் தாய்மார் வரை உயிரிழந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டி நிற்கிறது. 1946இல் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 43 வருடம் அளவில். இப்போது 75ஐத் தாண்டிவிட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. "அந்தக் காலத்துச் சாப்பாடு, அந்தக் காலத்து உடம்பு" என்று சொல்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் என் கிளினிக்குக்கு வந்து மறுத்துச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று, யாருடைய அந்தக் காலம்? ஒரு மாலை என் வரவேற்பறையில் இரண்டு முதியவர்கள் அருகருகே இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எழுபதுகளின் முற்பகுதி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியதால் தோட்டக்காரர் கையில் காசு புழங்கிய காலம் அது. அவருடைய தகப்பனார் கல்வீடு கட்டி, உழவு இயந்திரம் வாங்கியது அப்போதுதான். மற்றவர் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சிறுவயதில் கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்தவர். அதே வருடங்கள் அவருக்கு 1973-74இன் பட்டினி. தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது, அரிசியும் மாவும் குறைந்தன, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கிழவர்களும் குழந்தைகளும் முதலில் போனார்கள். "கீரையும் கிழங்கும்தான் ஐயா. அதுவும் தோண்டினால்தான்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு இருவரும் கிரிக்கெட் பேசத் தொடங்கினார்கள். அந்த எழுதுவினைஞரின் தம்பி பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலில் மருத்துவபீடம் தவறி, பிறகு நாட்டைவிட்டே போனவர் என்பது எனக்குத் தெரியும். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. வெங்காயத்தை மட்டும் சொன்னார். நினைவு அப்படித்தான், நல்ல தவணையை மட்டும் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு வசனம் எனக்கு உண்மையிலேயே கோபத்தை ஏற்படுத்துவது: "எங்கள் காலத்தில் இந்த மனஅழுத்தம், தற்கொலை எல்லாம் கிடையாது." 1995இல் உலகிலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வரை. பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மனிதர்கள் திடீரென்று மனவலிமை பெற்றுவிட்டதால் இறங்கவில்லை. கடும் நச்சுள்ள விவசாய இரசாயனங்களை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ததே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, கிடையாது என்கிற அந்தக் காலத்தில்தான் அது கூடுதலாக இருந்தது. வீட்டில் பேசவில்லை, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று "நெஞ்சுவலி" என்றார்கள். அவ்வளவுதான்.

அதற்காக இளையவர்கள் பக்கம் முழுவதும் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். "உங்களுக்கென்ன, வீடு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது" என்று தாய் தகப்பனைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைகளும் இதே கதிரையில் இருந்திருக்கிறார்கள். அந்த வீடு எத்தனை தடவை புதிதாகத் தொடங்கப்பட்டது என்று அவர்கள் கேட்டதில்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது, என் நோயாளிகள் சிலர் பிரஷர் மருந்தைக்கூட எடுக்க விடாமல் ஏற்றப்பட்டார்கள். இன்று பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அது கேள்விப்படாத செய்தி.

ஆனால் சில விடயங்களில் இன்றைய பிள்ளைகளுக்கு நிச்சயமாகக் கூடுதல் பாரம். பணத்தை எடுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9. அந்த வருடம் தங்கள் முதல் சம்பளத்தை எடுத்தவர்களுக்கு, அந்தச் சம்பளம் கைக்கு வருவதற்குள் கரைந்தது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் போகும் என்ற உறுதியோடு ஒரு தலைமுறை கடன் எடுத்து வீடு கட்டியது. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்கு அந்த நிதியும் இல்லை, மருத்துவ விடுமுறையும் இல்லை. காய்ச்சலோடு வந்து "இன்று இரவே ஓடலாமா டொக்டர்?" என்று கேட்கிறான்.

உடம்பும் அப்படித்தான். தெற்காசியர்களுக்கு நீரிழிவு ஐரோப்பியரைவிடப் பத்து வருடம் அளவில் முந்தி வருகிறது, அதுவும் குறைந்த எடையிலேயே. கொழும்பு நகரத்தில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதல். நான் தொழில் தொடங்கியபோது நாற்பத்தைந்துக்குக் கீழே ஒரு சீனி வருத்தக்காரரைக் கண்டால் பரிசோதனையை இன்னொரு தரம் செய்யச் சொல்வேன், பிழையாக இருக்குமோ என்று. இப்போது முப்பதுக்குக் கீழே கண்டாலும் எனக்கு ஆச்சரியம் வருவதில்லை. வராததுதான் பயமாக இருக்கிறது.

நோய் மறைவது எங்கே என்று கேட்டால், இந்த ஒப்பீட்டுக்குள்தான் என்பேன். "நான் பட்டதைவிடவா?" என்று கேட்ட வீட்டில் பிள்ளை படபடப்பைச் சொல்லாது. "உங்களுக்கென்ன?" என்று கேட்ட வீட்டில் அம்மம்மா தலைச்சுற்றைச் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் பிந்தித்தான் என்னிடம் வருகிறார்கள், சில வேளை நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகிறார்கள்.

ஆகவே சில காரியங்களைச் செய்யுங்கள். குடும்பத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ சீனி இருந்தால், பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிலேயே ஒருதரம் வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் இன்னும் அவசரம். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' என்ற பெயரில் அரச வைத்தியசாலைகளில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகவே பார்க்கிறார்கள். அங்கே ஆண்கள் வருவதில்லை என்பதுதான் தாதிமாரின் நிரந்தர முறைப்பாடு. இரவு வேலைக்காரர்கள் நித்திரை நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாமல் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், நடுச்சாமக் கொத்தை முன்னிரவுக்கு நகர்த்துங்கள். மனம் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். மருத்துவரிடம் போகும்போது, பிள்ளை இருபது தாண்டியவர் என்றால் நீங்கள் வெளியில் இருங்கள். காசு கொடுப்பது நீங்களாக இருந்தாலும்.

வீட்டில் ஒரு கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். "எங்கள் காலத்தில் எப்படி இருந்தோம் தெரியுமா?" என்பதை விட்டு, அந்த வயதில் உங்களுக்கு எது பயமாக இருந்தது என்று சொல்லுங்கள்.

அந்தத் தகப்பனும் மகனும் மூன்று மாதம் கழித்து வந்தார்கள். மகனின் சீனி இறங்கியிருந்தது. தகப்பனின் பிரஷர் இறங்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றேன், போடுகிறேன் என்றார். நித்திரை எப்படி என்றேன். "அது எனக்கு எப்போதும் குறைவுதான்" என்றார்.

"எப்போதிலிருந்து?"

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, எண்பத்து மூன்றிலிருந்து என்றார். அந்த ஜூலைக் கலவரத்தில் தெஹிவளையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் மூன்று நாள், பிறகு அகதி முகாம், பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறை. அடுத்த வருடம் வேலைக்காகத் திரும்பி வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தார். இரண்டு வருடம் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தாராம்.

மகன் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். "அப்பா, அப்போதுதானே கோட்டைக்கு நடந்து போனீர்கள்?"

"ஓம்" என்றார். "பஸ்ஸில் ஏறப் பயம்."