காலை யோகா: எழுந்ததும் குனிய வேண்டாம்

காலை யோகாவை ஆர்வத்தோடு தொடங்கிய பலர், பத்தே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். படுக்கையை விட்டு எழுந்த சூட்டோடு, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு குனிந்து கால் விரலைத் தொட்டிருப்பார்கள்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகள் பகல் முழுக்க உடல் பாரத்தால் அழுந்தி நீரை இழக்கின்றன. இரவில் படுத்திருக்கும்போது அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் மாலையைவிட 1 முதல் 2 செ.மீ. வரை கூடுதலாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க் எளிதில் வளையாது. அந்த நேரத்தில் முதுகை வளைத்துக் குனிந்தால், அதன் மேலும் அதைச் சுற்றிய தசைநார்கள் மேலும் விழும் அழுத்தம் பகலில் விழுவதைவிட மிக அதிகம். நல்லவேளை, கூடுதலாகச் சேர்ந்த நீரில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும்.

ஆகவே எழுந்ததும் பல் துலக்கி, காலைக்கடன் முடித்து, அரை டம்ளர் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள். அரை மணி நேரம் கழித்து விரிப்பைப் போடலாம். அப்போதும் நின்ற நிலையில்தான் தொடங்க வேண்டும். தோள்களை முன்னும் பின்னும் ஐந்து முறை சுழற்றுங்கள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டித் தாடாசனத்தில் ஐந்து மூச்சு நில்லுங்கள். அடுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனை நிலை, எட்டு முறை. முதுகைப் பாதி அளவுக்கு வளைத்தால் போதும்.

சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளில் தவறு அதிகம் நடப்பது, நின்றபடி குனிந்து பாதத்தருகே கை வைக்கும் பாதஹஸ்தாசனத்தில்தான். குனிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முதுகிலிருந்து அல்ல. தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் விரல்நுனிகளை வைத்துக்கொண்டு மெல்லக் குனிந்து பாருங்கள். விரல்கள் மடிப்புக்குள் அழுந்தினால் சரியாகக் குனிகிறீர்கள். விரல்கள் அப்படியே இருக்க, முதுகு மட்டும் கூன் போட்டால் முழங்காலை மடக்குங்கள். வயிறு தொடையில் படும் வரை மடக்கினாலும் தவறில்லை. கை தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் வாரம் இரண்டு சுற்று, நிதானமாக. பச்சிமோத்தானாசனம் போன்ற நீண்ட முன்குனிவுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், முடிந்தால் மாலைக்கே.

காலை நேரத்தின் உண்மையான லாபம் மூச்சுப் பயிற்சியில் இருக்கிறது. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்ற விதி காலையில் தானாகவே நிறைவேறிவிடுகிறது. வயிறு காலியாக இருப்பதால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை தடையின்றிக் கீழிறங்கும், புளிப்பு எதுக்களிக்காது. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். இந்த அமைதிக்காகவே அதற்கு முன் கைபேசியைத் தொடாதிருப்பது நல்லது.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை முதல் நாளே நூறு முறை செய்து தலை சுற்றி உட்காருபவர்கள் உண்டு. வேகமாக மூச்சை வெளியேற்றும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; அதனால்தான் சுற்றல். இருபதில் தொடங்குங்கள். கர்ப்பிணிகள், உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

வெறும் வயிறு எல்லோருக்கும் ஒத்துவராது. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் 15 கிராம் குளுக்கோஸ். நடுவில் கை நடுக்கமோ குளிர் வியர்வையோ வந்தாலும் நிறுத்திவிட்டு அதையே செய்யுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. அந்த நிலையில் கண்ணுக்குள் அழுத்தம் இரண்டு மடங்குவரை உயரும். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாமல் இருந்தால் அது முடக்கு வாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். ஆசனத்தில் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிவில் சவாசனம், ஐந்து நிமிடம். அவசரத்தில் எல்லோரும் விடுவது இதைத்தான். எழும்போது நேராக நிமிர்ந்து உட்காராமல் வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். குனியும்போது இடுப்பிலிருந்து காலுக்குள் மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினால், அன்றோடு முன்குனிவுகளை நிறுத்திவிட்டு முதுகைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.