மேக்ஸ்லாகின்ஸ்: புகுபதிகை உச்சவரம்பு

ஒரே லினக்ஸ் சர்வரைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் அட்மின்களுக்குப் பழக்கமான சொல் 'மேக்ஸ்லாகின்ஸ்'. ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை லாகின் வைத்திருக்கலாம் என்ற வரம்பு இது. 'மேக்ஸ்' என்பது மேக்சிமத்தின் சுருக்கம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கதை 'லாக்'கில் இருக்கிறது.

லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணுவார்கள். (கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' கணக்கில் சொல்வது அதனால்தான்.) அந்த எண்ணைக் குறித்த ஏடு லாக்புக். ஏட்டில் பதிவதும் பிறகு லாக் செய்வது ஆயிற்று. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு உருவாக்கி 1961-இல் இயக்கிக் காட்டியது சி.டி.எஸ்.எஸ்.; பலர் ஒரு கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு. அதில் லாகினும் லாக்அவுட்டும் கட்டளைகளாகவே இருந்தன. பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்திலும் அதே சொல்தான்.

தமிழில் 'உள்நுழைவு' பரவலாகிவிட்டது. பட்டனில் எழுத அது போதும். ஆனால் அதில் நுழைவு மட்டும்தான் உண்டு, ஏடு இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் 'புகுபதிகை', 'விடுபதிகை' இரண்டிலும் பதிவு இருக்கிறது. இந்த வரம்பைப் பொறுத்தவரை அது வெறும் சொல்லழகு அல்ல. லினக்ஸில் இதைச் செயல்படுத்தும் பாம் லிமிட்ஸ் என்ற கூறு காலங்காலமாக எண்ணிவந்தது ஆட்களை அல்ல, யூடிஎம்பி என்ற கோப்பில் உள்ள பதிவுகளை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லும் 'ஹூ' கட்டளை காட்டிவந்ததும் அதே கோப்பைத்தான். கோப்பு மட்டும் அனுப்பும் எஸ்எஃப்டிபி இணைப்புக்கு முனையம் (கட்டளை தட்டும் திரை) கிடையாது, அதனால் யூடிஎம்பியில் பதிவும் விழாது. ஆள் உள்ளே இருப்பார், கணக்கில் இருக்க மாட்டார்.

'மேக்ஸ்' பகுதிக்கு 'உச்சவரம்பு' இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டத்தால் ஊரறிந்த சொல். புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஆக, 'புகுபதிகை உச்சவரம்பு'. 'ஒருநேர' என்று முன்னால் சேர்த்தால் ஒரே ஒரு முறை என்று பொருள் திரியும், வேண்டாம்.

வரம்பை எழுதும் இடம் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பு. அதிலேயே மாதிரியாக ஒரு வரி வரும்: '#@ஸ்டூடண்ட் - மேக்ஸ்லாகின்ஸ் 4'. முன்னால் # இருப்பதால் அது செயல்படாது, எடுத்துவிட்டால் செயல்படும். ஸ்டூடண்ட் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் 4 புகுபதிகை என்று பொருள். ஐந்தாவதாக வருவதற்கு 'டூ மெனி லாகின்ஸ்' என்று கதவடைப்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் நான்கும் அப்படியே இருக்கும். @ இருக்குமிடத்தில் % போட்டால் கணக்கே மாறிவிடும்: குழு முழுவதற்கும் சேர்த்து 4. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முதலில் வந்த நால்வருக்கே இடம். ஒரு குறியால் வரும் வினை என்பதால் இதை இருமுறை பார்த்துச் சேமிப்பது நல்லது.

மொத்தச் சர்வருக்குமான உச்சவரம்பு வேண்டுமென்றால் அதற்குத் தனிச்சொல் 'மேக்ஸ்சிஸ்லாகின்ஸ்'. மேக்ஸ்லாகின்ஸில் எந்த எண்ணைப் போட்டாலும் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரை அது கட்டுப்படுத்தாது.