ஜேட் குச்சிக்குத் தாகம் எடுக்காது

இந்த வாரத்தில் நாலாவது ஆள். காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, ஜேட் செடிக் குச்சி நட்ட தொட்டியைக் கேரிபேக்கோடு தூக்கிவந்து நர்சரி மேசையில் வைத்தார். "இன்னா தம்பி, தினம் தண்ணி ஊத்தறேன், அப்பவும் செத்துப் போவுது." குச்சியைத் தொட்டேன். அழுகின வாழைப்பழம் மாதிரி தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

தினம் ஊத்தினதால்தான் அக்கா செத்தது.

குச்சி நடுவது நம்ம ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டாத வேலை. செம்பருத்தியா, வெட்டின கையோடு ஈரமண்ணில் செருகு. முருங்கைப் போத்தா, தலையில் சாணியை அப்பு, காயவிடாதே. இந்தப் பழக்கத்தை ஜேட்டிடம் காட்டுவதுதான் வினை. அது தென்னாப்பிரிக்காவில் மழை குறைந்த பாறைச் சரிவுகளில் வளர்கிற செடி. தண்டும் இலையும் தண்ணீர்ப் பை. வேர் விடும்வரைக்கும் வேண்டிய தண்ணீரை அந்தத் துண்டே சுமந்துகொண்டு வருகிறது. அதன் வெட்டுவாய் பச்சைப் புண். அதை ஈரமண்ணில் புதைத்தால் பூஞ்சைக்கு நாமே இலை போட்டு விருந்து வைக்கிறோம்.

"காயவெச்சா வாடிடாதா?" இதைக் கேட்காத ஆளே இல்லை. வாடாது. இலை லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான். என் அலமாரிக்குப் பின்னால் ஒரு துண்டு விழுந்து கிடந்தது. மண்ணும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பல நாள் கழித்துப் பெருக்கும்போது கிடைத்தது. கணுவில் இளஞ்சிவப்பாக, நூல் நூலாக வேர்!

திடமான தண்டாகப் பார்த்து நாலைந்து அங்குலம் வெட்டுங்கள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுங்கள், அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பிறகு வெயில் படாத, காற்று வருகிற இடத்தில் நாலைந்து நாள் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழை நேரமென்றால் ஒரு வாரம். வெட்டுவாய் வெளுத்து, முழங்கால் சிராய்ப்பு ஆறிப் பொருக்குத் தட்டின மாதிரி விரலுக்குச் சொரசொரவென்று படவேண்டும். அதற்கு முன்னால் மண் பக்கமே போகாதீர்கள்.

மண்ணில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் நொறுக்கும் இருக்கட்டும். எம்-சாண்ட் என்றால் நன்றாக அலசிப் போடுங்கள், அதன் தூசி இறுகிவிடும். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் கிண்ணம் அழகுதான், ஆனால் அதில் பேனா வையுங்கள். ஒரு அங்குல ஆழம் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அதன்பிறகு விரலை உள்ளே விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கிறவர்களுக்கு என்ன சொல்ல!

மஞ்சள், தேன், கற்றாழை, பட்டைத்தூள் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். உங்கள் இஷ்டம், ஆனால் காயவைப்பதற்கு அது எதுவும் மாற்று இல்லை. ரோஜாக் குச்சிக்கு மூடுகிற பிளாஸ்டிக் கவரை இதற்கு மூடவே கூடாது. கத்திரி வெயிலில் வேலூரில் எந்தக் குச்சியும் நடாதீர்கள். தை, மாசி போதும்.

இன்னொன்று. ஜேட் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சின்ன இலையும் சிவந்த தண்டுமான போர்ட்டுலகேரியா. அதற்குக் குச்சிதான், ஒற்றை இலையை நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ரூபாய் நாணயம் அளவில் தடித்த இலை உள்ள அசல் ஜேட்டான கிராசுலாவோ, ஒரு இலையிலிருந்தே முளைக்கும். ஆனால் அதைத் தின்றால் நாய், பூனை வாந்தி எடுக்கும். வீட்டில் இருந்தால் தயவுசெய்து எட்டாத உயரத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டில் திருடி நட்டால்தான் காசு கொட்டும் என்பதற்கு நான் பொறுப்பில்லை, கேட்டே வாங்குங்கள்.

அந்த அக்கா கொண்டுவந்ததில் மேல்நுனி மட்டும் கெட்டியாக இருந்தது. உள்ளே பழுப்புப் புள்ளி தெரியாத இடம்வரைக்கும் துண்டுதுண்டாக வெட்டிக்கொண்டே போய், மிஞ்சின மூன்று அங்குலத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தொடக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை போன். "தம்பி, இலை சுருங்குது. கொஞ்சமா, ஒரே ஒரு வாட்டி தெளிக்கட்டுமா?"