சதுப்பில் புதையாத வண்டி

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. சிவப்பு மான்கள் பெருகி இளம் மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடாமல் இருக்க, இப்போது மனிதர்தான் சுட வேண்டியிருக்கிறது. பெண்மான்களைச் சுடுவதற்கான காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. மழைக்கும் பனிக்கும் குறைவில்லாத மாதங்கள். வேட்டைக்காரர் கடைசித் தூரத்தை நடந்தும் ஊர்ந்தும்தான் கடப்பார். வண்டி முக்கியமாகத் தேவைப்படுவது அப்புறம், விழுந்த மானைக் கீழே கொண்டுவர.

வண்டி வாங்குபவர்கள் முதலில் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். இந்த நிலத்துக்கு அது இரண்டாவது கேள்விதான். ஒரு சதுர சென்டிமீட்டர் தரை மீது எத்தனை கிலோ இறங்குகிறது என்பதே முதல் கேள்வி.

காரணம் அங்குள்ள பீட் மண். முழுதாக மட்காத பாசியும் செடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து உண்டானது. வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதன் எடையில் 90 சதவீதம் வரை தண்ணீர். மேலே பாசியும் ஹெதர் புதரின் வேர்களும் பின்னிய படலம், பாலின் மேல் படியும் ஆடை மாதிரி. பாரத்தைத் தாங்குவது அதுதான். கிழிந்தால் கீழே வெறும் கூழ்.

மெல்லிய சுவருள்ள டயர் தரையை அழுத்தும் அளவு, ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 கிலோ பிக்கப் வண்டியில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. 80 கிலோ ஆள் நடக்கும்போது ஒற்றைக் காலில் சுமார் 0.4 கிலோ. 3 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் எட்டுச் சக்கர வண்டிக்கோ 0.2 கிலோதான்! ஆள் புதையும் இடத்தில் வண்டி போய்விடும்.

கனடாவில் 1967 முதல் தயாராகும் ஆர்கோ இந்த வகை. ஸ்காட்லாந்தில் ஆர்கோகேட் என்பார்கள். தண்ணீரிலும் மிதக்கும்; டயரின் பட்டைகளே துடுப்பாக வேலை செய்யும். ஆனால் அதன் சக்கரங்கள் கார் சக்கரம் மாதிரி இடம் வலமாகத் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்களைப் பிரேக் போட்டு நிறுத்தினால், மறுபக்கம் ஓடி வண்டியைத் திருப்பும். அப்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டு அந்தப் படலத்தை உரித்துவிடும். அதனால் அகலமாக வளைத்துத்தான் திருப்ப வேண்டும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் பள்ளம் விழும். அது வாய்க்காலாகித் தண்ணீரை வடித்துவிட, காய்ந்த பீட்டில் தேங்கியிருந்த கார்பன் காற்றில் கலக்கும். இந்த இழப்பை யாரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை.

நான்கு சக்கர குவாட் பைக் மலிவு, கெட்டியான தரைக்குப் போதும். ஆனால் பின்னால் மானை ஏற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறினால் எடை பின்னச்சைத் தாண்டிப் போய், முன்பக்கம் தூக்கி வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழலாம். சரிவு அதிகமுள்ள இடத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாங்குமுன் ஆட்களையும் ஒரு ஆண்மான் எடையையும் ஏற்றி, ஈரச் சரிவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வந்த வழியே நடந்துபோய்த் தடத்தைப் பாருங்கள். பாசி நசுங்கி மட்டும் கிடந்தால் சரி. கறுப்பு மண் தெரிந்தால் வேறு வண்டி பாருங்கள்.