கவுன்டர்ஃபேக்சுவல்: "எதிர் உண்மை" இல்ல, நிகழாநிலை

பப்ளிக் பாலிசியில பிஎச்டி பண்றவங்க மெத்தட்ஸ் சாப்டர் எழுத உக்காந்த முதல் வாரத்துலயே கவுன்டர்ஃபேக்சுவல்ங்கிற இந்த வார்த்தை முன்னாடி வந்து நிக்கும். இங்கிலீஷ்ல படிக்கிறப்போ புரிஞ்ச மாதிரியே இருக்கும், தமிழ்ல ஒருத்தருக்குச் சொல்லணும்னு வாயத் திறக்கும்போதுதான் எங்கயோ இடிக்குதுன்னு தெரியும். "எதிர் உண்மை", "எதிர்மறை உண்மை", "உண்மைக்குப் புறம்பானது"ன்னெல்லாம் எழுதறதப் பாத்திருக்கேன். மூணுமே தப்பு. உண்மைக்குப் புறம்பானதுன்னா தமிழ்ல பொய்னு அர்த்தம், ஆனா ஒரு ஆராய்ச்சியாளர் கவுன்டர்ஃபேக்சுவல்னு சொல்றப்போ பொய்யப் பத்திப் பேசல.

முதல்ல பொருளப் பாப்போம். ஒரு அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவருது, அஞ்சு வருஷம் கழிச்சு அதனால என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கறீங்க. அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு: அந்தத் திட்டம் வராமலே இருந்திருந்தா, அதே மக்களுக்கு, அதே அஞ்சு வருஷத்துல என்ன ஆகியிருக்கும்? அந்த நடக்காத நிலைமைக்குப் பேருதான் கவுன்டர்ஃபேக்சுவல். நடந்ததுல இருந்து அதக் கழிச்சா மிஞ்சறதுதான் திட்டத்தோட விளைவு. "அதே மக்கள்", "அதே காலம்" இந்த ரெண்டையும் விட்டுடாதீங்க, பாதி தீசிஸ் தடுமாறறது இந்த எடத்துலதான்.

இப்ப வேர். லத்தீன்ல கான்ட்ரான்னா எதிர், மாறாக. ஃபேக்டம்னா செய்யப்பட்டது, செய்ங்கிற வினையில இருந்து வந்த சொல். இங்கிலீஷ்லயும் ஃபேக்ட்ங்கிறதுக்கு ஆரம்பத்துல செயல், குறிப்பா கெட்ட செயல்னுதான் பொருள் இருந்துச்சு, குற்றம் நடந்தப்புறம் உதவினவரைச் சொல்ற "ஆக்செசரி ஆஃப்டர் தி ஃபேக்ட்"ங்கிற சட்டத் தொடர்ல அந்தப் பழைய பொருள் இன்னும் உசுரோட இருக்கு. உண்மைங்கிற அர்த்தம் அப்புறமா ஒட்டினது. அதனால வேரப் பாத்து மொழிபெயர்த்தாகூட "செஞ்சதுக்கு, நடந்ததுக்கு மாறானது"ன்னுதான் வரணும், உண்மைக்கு மாறானதுன்னு வராது. எதிர் உண்மைன்னு எழுதறவங்க ஃபேக்டோட இன்னைய அர்த்தத்தப் புடிச்சுக்கிட்டு பழைய அர்த்தத்த விட்டுட்டாங்க.

கருத்து அந்தச் சொல்லைவிடப் பழசு. 1748ல தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் காரணம்னா என்னன்னு விளக்கறப்போ, முதலாவது இல்லாம இருந்திருந்தா ரெண்டாவது வந்தே இருக்காதுங்கிற மாதிரி ஒரு வரி எழுதறார். சொல்லு தத்துவக்காரங்க கையில பரவுனது 1940கள்ல: 1946ல ரோடெரிக் சிசோம், 1947ல நெல்சன் குட்மன், ரெண்டு பேரும் "இப்படி நடந்திருந்தா அப்படி ஆகியிருக்கும்"ங்கிற வாக்கியத்தை எத வச்சு சரி, தப்புன்னு சொல்றதுன்னு மல்லுக்கட்டினாங்க. 1973ல டேவிட் லூயிஸ் இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். புள்ளியியல் பக்கம் தனி வாய்க்கால். 1923லயே யெர்சி நெய்மன் வயல் சோதனைகளுக்காக, ஒரே நிலத்துக்கு ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு விளைச்சல்னு எழுதி வச்சார், நாம பாக்கப்போறது அதுல ஒண்ண மட்டும்தான். 1974ல டொனால்ட் ரூபின் அதையே சோதனை இல்லாத ஆய்வுகளுக்கும் கொண்டுவந்தார். 1986ல பால் ஹாலண்ட் இதுக்குக் காரண அனுமானத்தோட அடிப்படைச் சிக்கல்னு பேரு வச்சார்: ஒரே ஆளுக்குத் திட்டம் கிடைச்ச நிலையையும் கிடைக்காத நிலையையும் ஒரே நேரத்துல யாராலயும் பாக்க முடியாது. டேட்டா எவ்வளவு பெருசா இருந்தாலும் அட்டவணையில நடக்காத நிலைக்கான அந்த ஒரு கட்டம் காலியாத்தான் இருக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், தமிழ் பேசறவங்களுக்கு இது புது சிந்தனையே இல்ல. "மழை பெஞ்சா பயிர் பொழைக்கும்", "மழை பெஞ்சிருந்தா பயிர் பொழச்சிருக்கும்" ரெண்டையும் சொல்லிப் பாருங்க. முதல் வாக்கியத்துல மழை வரலாம், வராமலும் போகலாம். ரெண்டாவதக் கேட்ட உடனே மழை பெய்யல, பயிர் பொழைக்கலன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், யாரும் தனியா சொல்ல வேண்டியதில்ல. அந்த "இருந்திருந்தா… இருக்கும்" தான் தமிழோட கவுன்டர்ஃபேக்சுவல், வினையிலயே உக்காந்திருக்கு, நமக்குக் குறைஞ்சது அதுக்கு ஒரு பெயர்ச்சொல் மட்டும்தான்.

அணி இலக்கணத்துலயும் பக்கத்துல ஒண்ணு இருக்கு, இல்பொருள் உவமை. கொம்பு முளைத்த குதிரை போலக் காளை பாய்ந்ததுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், உலகத்துல இல்லாத ஒண்ண உவமையா வச்சு இருக்கறத அளக்கறது. இல்லாததோட ஒப்பிட்டுத்தான் இருக்கறதோட அளவு தெரியுதுங்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணு. வித்தியாசமும் பெருசு, கொம்பு வச்ச குதிரை என்னைக்கும் வராது, ஆனா கவுன்டர்ஃபேக்சுவல் நடந்திருக்கக்கூடியது, ஏதோ ஒரு முடிவால நடக்காம போனது. அதனால இல்பொருள்ங்கிற சொல்ல அப்படியே எடுத்துக்க எனக்கு மனசு வரல.

நான் எழுதறது நிகழாநிலை. நிகழாங்கிறது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நிகழாத நிலைன்னு விரியும். இதுல ஒரு வசதி இருக்கு. திட்டம் கிடைச்சவங்களுக்கு நிகழாநிலைன்னா திட்டம் இல்லாத நிலை, திட்டம் கிடைக்காதவங்களுக்கு நிகழாநிலைன்னா திட்டம் கிடைச்ச நிலை, சொல்லு ரெண்டு பக்கமும் பொருந்தும். "திட்டமில்லா நிலை"ன்னு வச்சா ஒரு பக்கம் மட்டும்தான் நிக்கும். மாற்று நிலைன்னு சிலர் எழுதறாங்க, அது பாலிசி ஆப்ஷன்ஸோட குழம்பிடும். கற்பனை நிலைன்னு சொன்னா கேக்கறவங்க நீங்க இஷ்டத்துக்குப் புனையறீங்கன்னு நெனப்பாங்க, நிகழாநிலைய டேட்டாவ வச்சுக் கட்டணும், புனையக் கூடாது.

எப்படிக் கட்டறாங்கன்னு ஒண்ண கிட்டத்துல வச்சுப் பாப்போம். அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்னைக்கு குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 டாலருக்கு ஏத்துச்சு, பக்கத்துல பென்சில்வேனியா ஏத்தல. பொருளாதார ஆய்வாளர்களான டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் ரெண்டு பக்கமும் சேத்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகள்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அந்த வருஷக் கடைசியில ஒரு தடவை எத்தனை பேர் வேலை பாக்கறாங்கன்னு கேட்டாங்க, 1994ல கட்டுரை வந்துச்சு. முழுநேர ஆள் கணக்குல நியூ ஜெர்சி கடைக்குச் சராசரி 20.44 பேர், அப்புறம் 21.03. பென்சில்வேனியாவுல 23.33, அப்புறம் 21.17, அதாவது 2.16 கொறஞ்சிருக்கு. இப்ப கூலி ஏறாம இருந்திருந்தா நியூ ஜெர்சி என்ன ஆகியிருக்கும்? அங்கயும் அதே 2.16 கொறஞ்சிருக்கும்னு எடுத்துக்கிட்டா 20.44ல கழிச்சு 18.28. இந்த 18.28 தான் நிகழாநிலை. எந்தக் கடையிலயும் எண்ணிப் பாக்க முடியாத எண், எந்த சர்வே ஃபார்ம்லயும் இல்ல. நடந்தது 21.03, வித்தியாசம் சுமார் 2.75, கட்டுரையில ரவுண்டிங் காரணமா 2.76ன்னு இருக்கும். கூலி ஏத்துனா வேலை கொறையும்னு எதிர்பாத்தவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி, 2000ல டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேட்ட வச்சு மறுத்தாங்க, கார்டும் குரூகரும் பதில் எழுதினாங்க, சண்டை நீண்டுச்சு. அந்த 18.28ங்கிறது "ரெண்டு மாநிலமும் ஒரே போக்குல போயிருக்கும்"ங்கிற ஒரு அனுமானத்து மேல நிக்குது, அது ஆடுனா எல்லாம் ஆடும்.

இதுல இருந்தே இன்னொரு குழப்பமும் தீரும். பென்சில்வேனியா நிகழாநிலை இல்ல. அது கன்ட்ரோல் குரூப், ஒப்பீட்டுக் குழு, உண்மையான கடைங்க, உண்மையான ஆளுங்க. அதக் கருவியா வச்சுக்கிட்டு நிகழாநிலைய மதிப்பிடறோம், அவ்வளவுதான். அதே மாதிரி பேஸ்லைனும், அதாவது திட்டத்துக்கு முன்னாடி எடுத்த அளவும், நிகழாநிலை இல்ல. "முன்னாடி 40 சதவீதம், பின்னாடி 55 சதவீதம், அதனால திட்டத்தோட பலன் 15"னு ஒரு டிராஃப்ட்ல எழுதினா, திட்டம் வராட்டி 40 அப்படியே 40ஆவே நின்னிருக்கும்னு சொல்லாம சொல்றீங்க. அத யாரு சொன்னது? நான் பிஎச்டி பண்ணப்போ என் சாப்டர்ல இதே மாதிரி ஒரு வரிக்குப் பக்கத்துல கைடு பென்சில்ல "இல்லாட்டி?"ன்னு ஒரே வார்த்தை எழுதி வச்சிருந்தார், அதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, சாப்டரயே மாத்தி எழுதினேன்.

ஒப்பிட ஒரு பொருத்தமான பக்கத்து மாநிலம் கிடைக்கலன்னா? 1988ல கலிஃபோர்னியா வாக்கெடுப்புல சிகரெட் வரிய ஏத்துன சட்டத்த ஆராய, அல்பெர்டோ அபாடியும் கூட ரெண்டு பேரும் 2010ல வந்த கட்டுரையில யூட்டா, நெவாடா, மொன்டானா, கொலராடோ, கனெக்டிகட் அஞ்சையும் வேற வேற எடைல கலந்து ஒரு செயற்கைக் கலிஃபோர்னியாவச் செஞ்சாங்க, அதுல யூட்டாவுக்குத்தான் எடை அதிகம். சட்டத்துக்கு முந்தின வருஷங்கள்ல அது நெஜக் கலிஃபோர்னியா கூடவே ஒட்டிப் போகுது, அப்புறம் பிரியுது. இல்லாத ஒரு மாநிலத்த இருக்கற மாநிலங்களால செய்யறதப் பாக்கறப்போ எனக்கு இல்பொருள் உவமைதான் ஞாபகம் வரும்.

எண்ணே இல்லாத கேஸ் ஸ்டடி பண்றவங்களுக்கும் இது பொருந்தும், அது அளவுசார் ஆய்வுக்காரங்க சமாச்சாரம்னு ஒதுங்காதீங்க. ஒரு அமைச்சர் மாறினதாலதான் அந்தச் சட்டம் வந்துச்சுன்னு எழுதினா, அவர் மாறாம இருந்திருந்தா வந்திருக்காதுன்னு சேத்தே எழுதறீங்க. மாரத்தான் போர்ல பாரசீகர்கிட்ட கிரேக்கர் தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு 1906லயே சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் இதே வழியில யோசிச்சார். இப்படி யோசிக்கறதுல உள்ள கட்டுப்பாடு ஒண்ணுதான், வரலாற்றுல முடிஞ்ச வரைக்கும் கம்மியா மாத்தணும். அமைச்சர மட்டும் மாத்துங்க, கூடவே தேர்தல் முடிவையும் பொருளாதாரத்தையும் மாத்திட்டா எதால எது ஆச்சுன்னு சொல்ல முடியாது.

தமிழ்ல தீசிஸோ கட்டுரையோ எழுதறவங்க முதல் தடவை நிகழாநிலைன்னு போட்டு, கூடவே கவுன்டர்ஃபேக்சுவல்னும் ஒரு தடவை சொல்லிடுங்க, அப்புறம் தமிழ்ச் சொல்லே போதும். நிகழாநிலை மதிப்பீடு, நிகழாநிலை ஒப்பீடு, நிகழாநிலைத் தரவுன்னு சேத்தும் எழுதலாம், நாக்குல தடுக்காது. ரெக்ரஷன் மாதிரி புள்ளியியல் கணக்கு ஓட்டறதுக்கு முன்னாடி உங்க ஆய்வோட நிகழாநிலைய "இருந்திருந்தா… இருக்கும்"னு ஒரே வாக்கியமா ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, யாருக்கு, எந்தக் காலத்துல, எது நடக்காம இருந்திருந்தாங்கிற மூணும் அதுல இருக்கான்னு பாருங்க. மூணுல ஒண்ணு வரலன்னா ஆய்வுக் கேள்விய இன்னும் முடிக்கலன்னு அர்த்தம், சாஃப்ட்வேரத் திறக்க வேண்டாம்.