உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தாதீர்கள்

சென்ற வியாழக்கிழமை மாலை ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து, அதைத் திறந்து செல்போனை மேசைமேல் வைத்தார். பின்பக்க மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பேட்டரி உப்பியிருந்தது தம்பி. பக்கத்து வீட்டுப் பையன் ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டான். இப்போது போன் எழவே மாட்டேன் என்கிறது" என்றார்.

மூடியை விலக்கிப் பார்த்தேன். வெள்ளி நிற உறையின் நடுவில் ஒரு துளை, அதன்மேல் செலோ டேப். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை நினைவூட்டும் இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாடை தெரியும். அது வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கையில் இருப்பதை வெளியே கொண்டுபோக வேண்டும். வாசலில் எப்போதும் ஒரு மணல் வாளி வைத்திருக்கிறேன். அதில் போனை வைத்து, கையைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அவரிடம் பேச முடிந்தது.

"குத்திய பிறகு இதை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"பையன் தலைமாட்டில்தான். சரியாகிவிட்டதா என்று பார்க்க ராத்திரி சார்ஜ் போட்டோம்."

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவன் தலைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்த லித்தியம் பேட்டரி இரவு முழுவதும் மின்சாரத்தில் இருந்திருக்கிறது. குத்திய நிலையில் இந்தக் கோடையில் என்னிடம் வந்த நான்காவது பேட்டரி இது. திருச்சியில் பதினேழு ஆண்டுகளாகச் செல்போன் பழுது பார்க்கிறேன். இதற்கு மேலும் வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எல்லாக் கேட்டுக்கும் வேர் "காற்று" என்ற சொல். சைக்கிள் டியூபில் காற்று, பலூனில் காற்று, அதுபோலப் பேட்டரியிலும் காற்று ஏறிவிட்டது, இறக்கிவிட்டால் பழையபடி தட்டையாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தட்டையாவது உண்மைதான். அதனால்தான் இந்த நம்பிக்கை சாகவே மாட்டேன் என்கிறது.

பேட்டரிக்குள் இருப்பது காற்று அல்ல. உள்ளே மெல்லிய செம்புத் தாள் ஒன்று, அதன்மேல் கிராஃபைட் பூச்சு. இன்னொரு பக்கம் அலுமினியத் தாள், அதன்மேல் உலோக ஆக்சைடு பூச்சு. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொடாமல் பிரித்து வைத்திருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இந்த மூன்றையும் பாய் சுருட்டுவதுபோலப் பல சுற்றுகள் சுருட்டி, தட்டையாக அழுத்தி, எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில் ஊறவைத்து, உறைக்குள் அடைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு வயதாகும்போதும் சூடேறும்போதும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. கார்பன் டைஆக்சைடுடன் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், எத்திலீன் போன்றவையும் அதில் உண்டு. கடைசி மூன்றும் எரியும்.

இப்போது ஊசியை நினைத்துப் பாருங்கள். உறையை மட்டும் குத்துகிறோம் என்று நினைக்கிறீர்கள். உறையும் மயிரிழைக் கனம்தான். அதற்கு அடியில் உடனே சுருள் தொடங்கிவிடுகிறது. ஊசி எத்தனை சுற்றுகளுக்குள் இறங்கியது என்று உங்கள் கைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊசியும் உலோகம். செம்பையும் அலுமினியத்தையும் அது இணைத்த நொடியில் பேட்டரியில் இருக்கும் சக்தி முழுவதும் அந்த ஒரு புள்ளியை நோக்கிப் பாய்கிறது. அந்த இடம் சூடாகிறது. ஏறக்குறைய 130 டிகிரியில் சவ்வு உருகத் தொடங்குகிறது, உருகிய இடத்தில் மேலும் சுற்றுகள் ஒட்டுகின்றன, சூடு இன்னும் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் நீங்கள் சார்ஜரைப் பிடுங்கினாலும் போனை அணைத்தாலும் அது நிற்காது. அது தன் சூட்டிலேயே வேகும்.

"நான் குத்தினேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். பெரும்பாலும் சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியைத்தான் குத்தியிருப்பார்கள். காலியான பேட்டரியில் பாய்வதற்குச் சக்தி குறைவு. உஸ்ஸென்று சத்தம் வந்து அடங்கிவிடும். அதே பேட்டரி முழுச் சார்ஜில் இருந்திருந்தால் முகத்துக்கு நேராகத் தீ வந்திருக்கலாம். அன்றைக்குத் தப்பித்ததை அனுபவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் யாரோ ஒருவர் இப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்.

சில கடைக்காரர்கள் வேறொன்று சொல்வார்கள்: "தொழிற்சாலையிலேயே காற்றை எடுத்துத்தானே ஒட்டுகிறார்கள்?" ஆம், எடுக்கிறார்கள். புதிய பேட்டரிக்கு முதல் சார்ஜ் கொடுக்கும்போது வாயு வருவது இயல்பு. அதைப் பிடிப்பதற்கென்றே உறையின் ஓரத்தில் தனிப் பை விட்டிருப்பார்கள். ஈரப்பதம் அறவே நீக்கப்பட்ட அறையில், வெற்றிடத்தில், அந்தப் பையை மட்டும் திறந்து வாயுவை எடுத்துவிட்டு, சூடு வைத்து மூடி, பையை வெட்டி எறிந்துவிடுவார்கள். சுருளை யாரும் தொடுவதில்லை. நாம் குத்துவதோ திருச்சிக் காற்றில், சுருளுக்கு நேர் மேலே. அந்தத் துளை வழியாக உள்ளே போகும் ஈரம், திரவத்தில் கரைந்திருக்கும் லித்தியம் உப்புடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் புளோரைடு உருவாகிறது. கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும் நச்சு அது. செலோ டேப் எதையும் தடுக்காது.

ஒரு மயிரிழை நெருக்கம் என்ன செய்யும் என்பதற்கு 2016ஆம் ஆண்டைவிடப் பெரிய பாடம் வேண்டாம். அந்த ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வெளிவந்தது. இரண்டு வாரத்தில் தீப்பிடித்த செய்திகள் குவிந்து, ஏறக்குறைய 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வேறொரு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டு மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணம் சொன்னார்கள்: முதல் வகைப் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் உள்ளிருந்த தகடு வளைந்திருந்தது, இரண்டாம் வகையில் பற்றவைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிறு பிசிறு உள்ளே குத்தியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. நீங்கள் எடுப்பது தையல் ஊசி.

குத்தாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். ரப்பர் பேண்டு போட்டு இறுக்குகிறார்கள், தூக்கிய மூடியைப் பசை வைத்து அழுத்துகிறார்கள், கனமான புத்தகத்தைத் தூக்கி வைக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தவரும் உண்டு. அழுத்தினால் சுருள் நசுங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும். உப்பிய பேட்டரி ஒருநாளும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்கு வைத்தியமே கிடையாது, மாற்றுவது ஒன்றுதான்.

மாற்றாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். பணம்தான் தடை என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "பேட்டரியை மாற்றினால் படமெல்லாம் போய்விடும் என்றார்களே. என் மாமியாரின் கடைசிப் படங்கள் அதில் இருக்கின்றன." எனக்குப் பேச்சு வரவில்லை. தயவுசெய்து இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்: படங்களும் எண்களும் இருப்பது போர்டில் உள்ள நினைவகத்தில். பேட்டரியில் ஒன்றுமே பதிவாவதில்லை. பேட்டரியை எடுத்து எறிந்தாலும் படங்கள் அப்படியே இருக்கும். அவற்றை உண்மையிலேயே அழிக்கக்கூடியது தீ ஒன்றுதான்.

இனி பிள்ளைகள் விஷயம். விளையாடக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. என் மகனும் விளையாடுகிறான். ஆனால் சார்ஜில் போட்டபடி விளையாடும்போது இரண்டு பக்கமிருந்து சூடு வருகிறது. விளையாட்டை ஓட்டும் சிப் ஒரு பக்கம், சார்ஜ் ஏறும் பேட்டரி இன்னொரு பக்கம். அதற்குமேல் தடித்த ரப்பர் உறை, அதற்குமேல் தலையணை அல்லது போர்வை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. எங்கள் ஊரில் மே மாதம் வெயிலே 40ஐத் தொடும். மாடி அறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் படுத்துக்கொண்டு விளையாடும் பிள்ளையின் போன் என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறட்டும், பிறகு விளையாடட்டும். தொட்டால் கை சுடுகிறது என்றால் உறையைக் கழற்றிக் கீழே வைக்கட்டும். உங்கள் போனில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். முழுக்க இறக்கிவிட்டு முழுக்க ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது கெடுதல்.

மாற்றப் போகும்போது மலிவைப் பார்க்காதீர்கள். நம் நாட்டில் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பேட்டரிமேல் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரியும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருந்த அதே இடத்தில், அதே கனத்தில், 8000 என்று அச்சடித்து ஒன்று கொடுத்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் காட்டச் சொல்லுங்கள். என் சக தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒட்டிக்கொண்ட பேட்டரியை உலோகத் தகட்டால் நெம்பாதீர்கள். ஆல்கஹால் விட்டு, பிளாஸ்டிக் அட்டையால் பொறுமையாக எடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். வாடிக்கையாளர் கண் முன்னால் ஊசியை எடுப்பதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்; நம்மைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

உப்பல் கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சார்ஜரைப் பிடுங்குங்கள். போனை அணைத்துவிடுங்கள். "ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்க்கிறேன்" வேண்டாம். மண்சட்டியிலோ மணலிலோ வைத்து, திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத இடத்தில், நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கடைக்குக் கொண்டுவரும்போது கால்சட்டைப் பையில் போடாதீர்கள். இறுக மூடிய டப்பாவும் வேண்டாம், வாயு அடைபடும். ஒருவேளை புகை வந்துவிட்டால் போனைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஆட்களை வெளியேற்றுங்கள், புகையை மூச்சில் இழுக்காதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் நின்றது உறுதியானால், தள்ளி நின்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம். அடங்காவிட்டால் 101.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் அழுத்தும்போது அது நசுங்கித் தீப்பிடிக்கும், அடிபடுவது தூய்மைப் பணியாளர். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, இன்றைக்கே செய்யுங்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட், ஓடாத பவர் பேங்க், பழைய புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலும் பேட்டரி உப்பும். ஒவ்வொன்றையும் எடுத்து மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா, திரையின் ஓரம் தூக்கியிருக்கிறதா, மூடி இடைவெளி விட்டிருக்கிறதா? மடிக்கணினியின் தொடுபலகை அழுத்தினால் சொடுக்காமல் இறுகிப் போயிருந்தால் அதற்கு அடியில் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதைப் பழுதான தொடுபலகை என்று நினைத்து மாதக்கணக்கில் மவுஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த அம்மா மறுநாள் வந்து போனை வாங்கிப் போனார். படங்கள் எல்லாம் இருந்தன. வீட்டு இழுப்பறையில் உப்பிய பவர் பேங்க் ஒன்று இருந்ததாகச் சொல்லி அதையும் கொண்டுவந்திருந்தார். இந்த முறை மண்சட்டியில்.