கொழும்புச் சுட்டெண்ணும் ஹட்டன் வீடும்

"சேர், காணி விலை ஏறியிருக்கு என்று பேப்பர்லயே போட்டிருக்கு. நீங்க மட்டும் ஏன் குறைச்சுப் போடுறீங்க?"

வங்கிக் கடனுக்காகக் காணி, வீடு மதிப்பிடும் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. ஆனால் கடைசியாகக் கேட்டவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் சேமலாப நிதியையும் மனைவியுடையதையும் சேர்த்து, ஹட்டன் பக்கம் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மீதிப் பணம் மகன் பெயரில் வங்கிக் கடன். பத்திரிகையில் வந்த சதவீதத்தைப் போன வருட விலையோடு கூட்டி புரோக்கர் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். என் அறிக்கை அதற்குக் கிட்டவும் வரவில்லை. வங்கி கடனைக் குறைத்துவிட்டது. அட்வான்ஸை யார் திருப்பித் தருவது?

நிதானமாகவே சொல்கிறேன். பத்திரிகையில் வந்த அந்தச் சதவீதம், காணி விலை எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்ட மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்பீட்டுச் சுட்டெண்ணிலிருந்து எடுத்தது. அது கொழும்பு மாவட்டத்துக்கானது. நுவரெலியா அதில் இல்லை, பதுளை இல்லை, கண்டிகூட இல்லை. வீட்டு விலையும் அதில் இல்லை, காணி மட்டும்தான். அதுவும் கைமாறிய பணத்தின் கணக்கு அல்ல, அரச மதிப்பீட்டுத் திணைக்களத்தின் மதிப்பீடுகளிலிருந்து செய்தது. கொழும்பில் காணியை ஈடாக வாங்கும் வங்கிகளுக்கு அது உதவும். ஹட்டன் பக்கம் கொட்டகலையில் 12 பேர்ச் காணியில் நிற்கும் உங்கள் வீட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இதற்கு மேல் எப்படி விளக்குவது?

சுட்டெண் ஏறினால் பெறுமதி ஏறிவிட்டது என்றும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடத்தில் காணி விலை 20 சதவீதம் ஏறியிருந்தால்கூட, காணி வைத்திருந்தவர் நட்டப்பட்டவர்தான்.

தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு "வழிகாட்டி மதிப்பு எவ்வளவு சேர்?" என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே இருப்பதுபோல் தெருவுக்குத் தெரு அரசாங்கம் விலை போட்ட அப்படியொரு பட்டியல் இங்கே கிடையாது.

சரி, உறுதியில், அதாவது காணி வாங்கிய பத்திரத்தில், எழுதிய விலையாவது உண்மையா? அதற்கும் நம் ஆட்களே வேட்டு வைத்துவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 80 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 30 லட்சம் என்று எழுதினால் இரண்டு லட்சம் மிச்சம். "எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க" என்பார்கள். பிறகு அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, சில வருடம் கழித்து 90 லட்சத்துக்கு விற்கப் போகிறீர்கள். வாங்குபவர் கடன் எடுப்பதால் முழு விலையையும் எழுதச் சொல்கிறார். உண்மையான லாபம் 10 லட்சம், காகிதத்தில் 60 லட்சம். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரி இருக்கிறது. வராத 50 லட்சத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள். நாளைக்கு ரோட்டுக்கென்று அரசாங்கம் காணியை எடுத்தால், நட்ட ஈட்டுக்கு அக்கம்பக்கத்து உறுதிகளையும் பார்ப்பார்கள். தெருவே சேர்ந்து குறைத்து எழுதியிருந்தால் யாரிடம் போய் அழுவது? உறுதி எழுதும் உங்கள் நொத்தாரிசு "பிரச்சினை இல்லை" என்று சொன்னால், அதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் தோட்டத்து வீடும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கைமாறுகின்றன. காணி அரசுக்குச் சொந்தம், கம்பனியிடம் இருப்பது குத்தகை, விற்பவரிடம் இருப்பது சாவி. வேறு போக்கிடம் இல்லாமல் வாங்குபவர்களை நான் திட்டமாட்டேன். ஆனால் அந்தத் தாளைக் கொண்டுவந்து மதிப்பீடு கேட்டால் நான் எதை மதிப்பிடுவது?

மலையில் விலை பேர்ச்சுக் கணக்கில் நிற்பதில்லை. லொறி வாசல் வரை வருமா, தண்ணீர் யாருடைய ஊற்றிலிருந்து வருகிறது, பின்னால் வெட்டிய மண்திட்டுக்குச் சுவர் கட்டியிருக்கிறதா, அந்தச் சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருக்கிறதா, இதையெல்லாம் பார்த்துத்தான் நான் எழுதுகிறேன். ஒரே ரோட்டில் மேல்பக்க வீட்டுக்கும் கீழ்பக்க வீட்டுக்கும் விலை பாதிக்குப் பாதி வித்தியாசப்படும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவு, 2025 நவம்பரில் டித்வா புயல். இவ்வளவுக்குப் பிறகும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

தயவுசெய்து, மதிப்பீடு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அவசரம் என்று புரோக்கர் சொன்னால், கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் கடைசியாக வாங்கியவர் வீட்டுக்குப் போய், உறுதியில் இருப்பதை விட்டுவிட்டு, கையில் கொடுத்தது எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பாருங்கள். அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்றால் முதலில் பிரதேச செயலாளரிடம் போங்கள். அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாறினால் அந்த விற்பனை செல்லாது. அதற்கு நான் எந்த விலையும் போடமாட்டேன்.